பொறுப்பு ரூட்

மூன்று ஸ்பூன் சர்க்கரை. எனக்கு ஒன்றுதான் என்று இந்தக் கட்டடத்துப் பூனைக்குக்கூடத் தெரியும். மூன்று போட்டிருக்கிறார்கள் என்றால் எதிலோ என் பெயரை எழுதப்போகிறார்கள்.

இப்படி நினைத்த இனாஸ், தேநீர்க் குவளையை மறுபடி உதட்டருகே கொண்டுபோய், குடித்தது போலக் காட்டிவிட்டுக் கீழே வைத்தாள். எதிரே தலைமை இயக்குநர் ஃபிக்ரி சிரித்துக்கொண்டிருந்தார். எகிப்தின் கால்வாய் வரைபடப் பொது வாரியத்தின் தமன்ஹூர் கிளையில் பதினோரு ஆண்டுகளாகக் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் இனாஸ், அவர் சிரித்து ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறாள். அது முந்தைய இயக்குநருக்கு மாரடைப்பு வந்த மறுநாள்.

"பஷ்முஹந்திஸா," என்றார். பொறியாளர்களை மரியாதையாகக் கூப்பிடும் அந்தச் சொல்லை அவர் கடைசி எழுத்துவரை உச்சரித்தது அவளை மேலும் கலங்கவைத்தது. "நம்ம கிளைக்குக் கம்பியில்லாத வலை ஒண்ணு வேணும். எல்லாம் காத்துல போகணும், காத்துல வரணும்."

"எதுக்கு, ஃபந்தம்?" என்றாள், மேலதிகாரிகளை அழைக்கும் சொல்லில்.

"நவீனமயம்."

சோபாவின் ஓரத்தில் அமர்ந்திருந்த ஷவ்கத் பாஷா, "நவீனமயம்," என்று தலையை ஆட்டினார். பாதுகாப்புப் பிரிவின் தலைவர். படையில் முப்பது ஆண்டுகள் ரொட்டிக் கிடங்குகளைக் காத்து, ஜெனரலாக ஓய்வு பெற்று, இப்போது வரைபடங்களைக் காக்க வந்திருப்பவர்.

உண்மையான காரணம் மாடிப்படி பெருக்குபவருக்குக்கூடத் தெரியும். ஒன்பது நாள் முன்பு அமைச்சகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. பள்ளி நோட்டுத் தாளில் கையால் எழுதி, உறையில் போட்டு, தபால்தலை ஒட்டி, தபாலில் அனுப்பப்பட்டது. அஞ்சல் முத்திரையில் மார்ச் மூன்று என்று இருந்தது. பதினான்காம் எண் கால்வாய், புது வரைபடத்தில் எந்தக் காரணமும் இல்லாமல் இடப்பக்கம் வளைந்து, இயக்குநருடைய மைத்துனரின் ஆரஞ்சுத் தோட்டத்தைத் தொட்டுவிட்டு, மறுபடி நேராகிப் போகிறது என்று அந்தக் கடிதம் சொன்னது. மாதக் கடைசியில் விசாரணைக்கு ஆள் வருகிறார்.

எழுதியது நில அளவையாளர் வக்திதான் என்று கிளை முழுவதும் முடிவு கட்டியிருந்தது. ஜனவரிக் கூட்டத்தில், "தண்ணி ஏன் அங்க வளையுது?" என்று வாய்விட்டுக் கேட்ட ஒரே மனிதர் அவர். அதற்குத் தண்டனை என்னவென்றும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பகல் ரயிலும் ஓர் இரவு பஸ்ஸும் போனால் வரும் பாலைவனக் கிளை. அங்கே வரைபடம் வரைய ஒரு கால்வாயும் கிடையாது. வக்தி வீட்டில் இரட்டைப் பெண்கள் இருவருக்கும் இந்த வருடம் பொதுத்தேர்வு. அப்படிப்பட்ட வீட்டில் தகப்பன் இருமக்கூட மாட்டான். ஊர் மாறுவது பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கடிதம் போன கையோடு வலை கேட்கிறார்களே என்று இனாஸ் யோசித்தாள். இரண்டுக்கும் என்ன தொடர்பு? நூல் எங்கோ இருந்தது. நுனி கைக்கு வரவில்லை. சந்தேகப்படுவது அவளுக்குப் புதிதல்ல. தன் சந்தேகத்தையே சந்தேகப்பட்டு, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைப்பதும் புதிதல்ல.

வேலை ஒரே மதியத்தில் முடிந்தது. கிடங்கறையில் ஒரு பழைய கணினி இருந்தது. அதில் யூனிக்ஸ் வம்சத்தைச் சேர்ந்த இயங்குதளம். அது இனாஸுக்குப் பிடித்தமானது. சரியாகச் செய்தால் ஒன்றும் சொல்லாது. தப்பாகச் செய்தால் ஒரே ஒரு வரி சொல்லும். அந்தக் கட்டடத்தில் அப்படி நடந்துகொள்ளும் ஒரே ஊழியர் அதுதான். ரேடியோ அட்டையைப் பொருத்தினாள். ஒரு சிறு கோப்பில் வலையின் பெயர், அலைவரிசை, பதினாறு எழுத்துக் கடவுச்சொல், எல்லாம் ஆறே வரியில் எழுதினாள். அந்தக் கோப்பை ரூட் தவிர வேறு எவரும் திறந்து படிக்க முடியாதபடி பூட்டினாள். ரூட் என்பது அந்தக் கணினியில் எல்லா அதிகாரமும் உள்ள பயனர். பிறகு, வலைக்குள் எது வரலாம், எது வெளியே போகலாம் என்று தீர்மானிக்கும் தடுப்புச் சுவர். அதன் முதல் விதி, எல்லாவற்றையும் மறு. அடுத்த விதிகளில், தேவையானதை மட்டும் விடு.

அஸர் தொழுகை அழைப்பு கேட்டபோது வலை ஓடிக்கொண்டிருந்தது. வக்தி தன் கைக்கணினியை நீட்டிப் பார்த்துவிட்டு, "அட, மணல்காத்துல ஜன்னலெல்லாம் சாத்தி வெச்சிருக்கு, இது மட்டும் எப்படி உள்ள வந்துச்சு?" என்று சிரித்தார்.

அங்கே நிறுத்தியிருக்கலாம். இனாஸ் செய்த ஒரே தவறு, வேலை முடிந்தது என்று எழுத்தில் தெரிவித்தது.

எழுத்தில் வந்ததற்குக் குழு வேண்டும். வானொலி வழித் தொடர்புக்கான உயர்நிலைக் குழு அமைந்தது. உறுப்பினர் ஒன்பது பேர். இனாஸ் செயலர், விஷயம் தெரிந்தவர் என்பதால் அவளுக்கு வாக்கு இல்லை.

முதல் நான்கு அமர்வுகள் வலையின் பெயர் பற்றி. நாட்டின் பெயர், அமைச்சகத்தின் பெயர், வாரியத்தின் பெயர், கிளையின் பெயர், எல்லாம் முறைப்படி வர வேண்டும் என்றார் ஃபிக்ரி. வலையின் பெயருக்கு மொத்தமே முப்பத்திரண்டு இடங்கள், அரபு எழுத்து ஒவ்வொன்றும் இரண்டு இடம் பிடிக்கும் என்று இனாஸ் விளக்கினாள். எழுதியும் காட்டினாள். எகிப்து அரபுக் குடியரசு என்று எழுதும்போதே இடம் தீர்ந்து, குடியரசின் கடைசி இரண்டு எழுத்துகள் வெளியே நின்றன.

ஒன்பது பேரும் அந்த இரண்டு எழுத்துகளையும் எட்டிப் பார்த்தார்கள்.

"யாரு முடிவு பண்ணது இந்த முப்பத்திரண்ட?" என்றார் ஷவ்கத் பாஷா.

"உலகத் தரம், பாஷா."

"உலகம்னா யாரு? பேரச் சொல்லு."

பேர் தெரியாததால், தெரியாது என்று குறிப்பில் பதிந்தார்கள். நான்காம் அமர்வின் முடிவில் வெறும் தமன்ஹூர் என்று வைக்க ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்மானம் நிறைவேறியது. ஐந்தாம் அமர்வில் பாஷா, பாதுகாப்புக் காரணங்களுக்காக அந்தப் பெயர் யார் கண்ணிலும் படக் கூடாது என்றார். பெயர் மறைக்கப்பட்டது. குழு தன் பணிக்காகத் தன்னையே பாராட்டிக்கொண்டது.

ஆறாம் அமர்வில் தடுப்புச் சுவர். முதல் விதியை இனாஸ் வாசித்தபோது ஃபிக்ரி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இன்னொரு தரம் வாசி."

"எல்லாவற்றையும் மறு."

"அல்லாஹ்!" என்றார் இயக்குநர், உண்மையான நெகிழ்ச்சியோடு. "ஐம்பது வருஷமா இந்த வாரியம் செய்றது இதுதானே! விவசாயி வர்றான், மனு குடுக்கறான், நாம மொதல்ல மறுக்கறோம். அப்புறம் நம்ம ஆளா இருந்தா விடறோம். நாம பழமையில ஊறிக் கிடக்கோம்னு பத்திரிகைக்காரன் எழுதறான். கணினியே இப்பத்தான் நம்ம வழிக்கு வந்திருக்கு!"

இரண்டாவது விதி ஏன் என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை. அதை ஆய்வுக்கு ஒத்திவைத்தார்கள்.

சங்கடம் ரூட்டில் வந்தது. ரகசியக் கோப்பை ரூட் மட்டும்தான் படிக்க முடியும் என்று அவள் எழுதியிருந்த வரியை நிர்வாகப் பிரிவுத் தலைவர் விரலால் தட்டினார்.

"யாரு இந்த ரூட்? எனக்கு இவர் கோப்பே வரலியே. நியமன ஆணை எங்க? ராணுவ சேவைச் சான்றிதழ்?"

"ஆள் இல்ல, உஸ்தாஸ். கணினிக்குள்ள இருக்கிற ஒரு கணக்கு."

"என்ன கிரேடு?"

"கிரேடு கிடையாது. எல்லாத்துக்கும் மேல."

சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாது என்று தெரிந்தது. ஃபிக்ரியின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்தது. "எல்லாத்துக்கும் மேலன்னா... எனக்கும் மேலயா?"

இரண்டு அமர்வுகள் விவாதம் நடந்தது. ரூட்டைப் பதவி நீக்கம் செய்யலாம் என்றார் ஒருவர். நியமிக்கப்படாதவரை நீக்க முடியாது என்றார் நிர்வாகப் பிரிவுத் தலைவர். கடைசியில் இந்த நாட்டில் எல்லாக் காலி இடங்களுக்கும் செய்வதையே இதற்கும் செய்தார்கள். தலைமை இயக்குநர் ஃபிக்ரி, தம் பணிகளோடு ரூட்டின் பணிகளையும் கூடுதலாகக் கவனிப்பார் என்று ஆணை வெளியானது. அவர் அறைக் கதவில் இரண்டாவது பித்தளைப் பலகை ஏறியது. பொறுப்பு ரூட்.

"ரூட்டுக்குக் குடும்பப்படி உண்டா?" என்று நடைவழியில் வக்தி கேட்டார்.

"சும்மா இருங்க, உஸ்தாஸ் வக்தி. சுவருக்கும் காது இருக்கு."

"நீதானே வெச்ச காது?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "என்னைய மாத்திடுவாங்கன்னு எல்லாரும் வந்து துக்கம் விசாரிச்சிட்டுப் போறாங்க. நீ எழுதினியான்னு ஒருத்தர் கேக்கல, பாத்தியா?"

"நீங்க எழுதினீங்களா?"

"நீயாவது கேட்டியே," என்றார் வக்தி. தன் அளவுச் சங்கிலியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

அன்று முழுவதும் அந்தக் கேள்வி அவளை உறுத்தியது. தெரிந்து என்ன செய்யப்போகிறேன் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். எழுதியவர் அவரில்லை என்றால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்த நிம்மதி யாருக்காக?

அடுத்தது கடவுச்சொல். ரகசியம் என்றால் ஆவணம். ஆவணம் என்றால் ஏழு பிரதிகள். பிரதி என்றால் அரசின் கழுகு முத்திரை. கழுகு முத்திரை என்றால் மதாம் அவாதிஃப்.

முத்திரையின் சாவியைக் கழுத்துச் சங்கிலியில் கோத்து இருபது ஆண்டுகளாக அணிந்திருக்கும் மதாம் அவாதிஃப், மேசை இழுப்பறைக்கு மேல் தட்டு வைத்து சோறு அடைத்து வேகவைக்கும் மஹ்ஷிக்காகச் சீமைச் சுரைக்காய்களைக் குடைந்துகொண்டிருந்தார். கையைத் துடைத்து, சாவி எடுத்து, முத்திரையை வெளியே எடுத்தார். ஆவணத்தில் எது முக்கியமோ அதன் மேலேயே முத்திரை விழ வேண்டும், இல்லாவிட்டால் எவனாவது திருத்திவிடுவான் என்பது அவர் தொழில் தருமம். எனவே ஏழு பிரதிகளிலும் கடவுச்சொல்லின் நடுவே நீலக் கழுகு சிறகு விரித்து உட்கார்ந்தது. அதன் வயிற்றுக்கடியில் ஐந்து எழுத்துகள் காணாமல் போயின.

இனி அது அதிகாரபூர்வமானது. யாராலும் படிக்க முடியாது.

மறுநாள் காலையிலிருந்து ஊழியர்கள் ஒவ்வொருவராக மதாமிடம் வந்தார்கள். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், காணாத ஐந்து எழுத்துகளையும் மனப்பாடமாக ஒப்பித்தார். இரண்டாம் மாடியிலிருந்து கேட்டவர்களுக்குக் கூவினார். ஜன்னலுக்குக் கீழே தஅமியா வடை பொரிக்கும் கடைக்காரர் எண்ணெய்க் கரண்டியோடு நிமிர்ந்து, "நாலாவது என்ன மதாம்? சரியா காதுல விழல," என்று கேட்டதற்கும் பதில் சொன்னார்.

இனாஸ் கடவுச்சொல்லை மாற்ற அனுமதி கேட்டு எழுதினாள். கோப்பு தணிக்கைக்குப் போய், புதிய சிக்கலோடு திரும்பியது. முத்திரையிட்ட ஆவணத்தில் நடுவில் கழுகு இருக்கிறது. கணினியில் எழுத்துகள் இருக்கின்றன. இரண்டும் பொருந்தவில்லை.

"முத்திரை தப்பாகாது," என்றார் ஃபிக்ரி. "கணினியத் திருத்து."

"கழுக எப்படி, ஃபந்தம், டைப் பண்றது?"

"அது தொழில்நுட்பம். நான் ரூட் மட்டும்தானே."

இப்படிப் பதினொரு நடவடிக்கைக் குறிப்புகள். பதினொன்றிலும் அவள் கையெழுத்துப் போட்டாள். இவற்றில் பொய் இல்லை, முட்டாள்தனம் மட்டுமே, முட்டாள்தனத்துக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவது பாவமில்லை என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தைந்தாம் தேதி ஷவ்கத் பாஷா மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடத்தினார். கிளையில் ஊழியர் இருபத்திரண்டு. வலையில் தொங்கிய கருவிகள் நாற்பத்தேழு.

"மிச்சம் இருபத்தஞ்சு யாரு?" அவர் குரல் தாழ்ந்துவிட்டது. ஜன்னலைப் பார்த்தார். மேசைக்கடியில் பார்த்தார்.

"கீழ இருக்கிற கடைங்க, பாஷா. அப்புறம் தஅமியா சாப்பிட வர்றவங்க."

"ஒவ்வொருத்தன் முகவரியும் வேணும்."

"இப்பல்லாம் போனே வலைகிட்ட பொய் முகவரிதான் குடுக்கும். யாரும் பின்தொடரக் கூடாதுன்னு தானா மாத்திக்கும்."

பாஷா எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "போலி அடையாளத்தோட இருபத்தஞ்சு பேர்," என்றார், "நம்ம கட்டடத்துக்குள்ள. நீ ஏன் இத இவ்வளவு அமைதியா சொல்ற?"

அதன் பிறகு அவர் அவளையும் சேர்த்துச் சந்தேகப்படத் தொடங்கினார். மதாம் அவாதிஃப் பாஷாவைச் சந்தேகப்பட்டார். நிர்வாகப் பிரிவுத் தலைவர் ரூட்டையே இன்னும் நம்பவில்லை. யாரும் யாரோடும் வலையில் பேசவில்லை. அலுவலகச் செய்திகள் பழையபடி துண்டுச் சீட்டில் போயின. வலை மட்டும் யாருக்கும் குறை வைக்காமல் ஓடிக்கொண்டிருந்தது. தஅமியா கடையில் கால்பந்து ஆட்டம் தெளிவாகத் தெரிந்தது.

விசாரணைக்கு இரண்டு நாள் முன்பு அழைப்பு வந்தது. அறையில் ஃபிக்ரியும் பாஷாவும் மட்டும். மேசைக் கண்ணாடியின் மேல் ஒரே தாள். கழுகு முத்திரை ஏற்கெனவே விழுந்திருந்தது. அதற்குக் கீழே அவள் பெயர் தட்டச்சாகி, மேலே கையெழுத்துக்கு ஒரு விரற்கடை வெள்ளை விட்டிருந்தது.

அவள் படித்தாள். வானொலி வழித் தொடர்பின் தொழில்நுட்பப் பொறுப்பாளராகிய நான், பதிவேடுகளைப் பரிசோதித்ததில், மேற்படி புகார்க் கடிதம் நில அளவையாளர் வக்தியின் கைக்கருவியிலிருந்து, கிளையின் வலை வழியாக, மார்ச் மூன்றாம் தேதி அனுப்பப்பட்டது என உறுதியளிக்கிறேன்.

நூலின் நுனி கைக்கு வந்தது.

"ஃபந்தம், கடிதம் தபால்ல போச்சு. ஸ்டாம்பு ஒட்டி."

"ஆமா," என்றார் ஃபிக்ரி.

"கையால எழுதினது."

"அழகான கையெழுத்துகூட."

"நான் வலை போட்டது பன்னெண்டாம் தேதி."

"அந்தக் குறை உனக்கு வேண்டாம்னுதான்," என்று ஃபிக்ரி இழுப்பறையிலிருந்து ஓர் ஆணையை எடுத்தார், "வலை மார்ச் ஒண்ணாம் தேதியிலேருந்து ஓடுதுன்னு பின்தேதியிட்டு உத்தரவு போட்டிருக்கேன். தேதிங்கறது நிர்வாக விஷயம். நீ தொழில்நுட்பத்த மட்டும் பாத்துக்கோ."

பாஷா முன்னால் சாய்ந்தார். பொறுமையாக, ரொட்டி எண்ணுகிறவரைப் போலப் பேசினார். "பொண்ணே, ஆதாரத்தத் தேடிப் போயி ஆளப் பிடிக்கறது போலீஸ்காரன் பொழப்பு. நாம நிர்வாகம். ஆளு நம்மகிட்ட இருக்கான். ஆதாரம்தான் பாக்கி. இவ்வளவு செலவு பண்ணி வலை எதுக்குப் போட்டோம்?"

"எனக்கு வக்தி மேல ஒண்ணும் இல்ல," என்றார் ஃபிக்ரி. "நல்ல மனுஷன். கண்ணு ரொம்பக் கூர்மை. இந்தக் கிளையில அந்த வளைவு வேற எவன் கண்ணுல பட்டுச்சு, சொல்லு? அதான் அவன்னு தெரியுது."

சொன்னது என்னவென்று அவருக்கே உறைத்ததாகத் தெரியவில்லை.

"பதிவேட்டத் திறக்கிற அதிகாரம் ரூட்டுக்குத்தான், ஃபந்தம்," என்றாள் இனாஸ். "ரூட் நீங்க. நீங்களே கையெழுத்துப் போடலாமே."

"நான் பொறுப்பு ரூட்தானே," என்று அவர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். "நிரந்தர ரூட் இல்ல. நான் கையெழுத்துப் போட்டா நாளைக்கு என்னைய கேப்பாங்க."

"என்னைய கேப்பாங்களே."

"உன்னைய கேக்க மாட்டாங்க," என்றார் பாஷா. "பாலைவனக் கிளைக்கு ஒரு ஆளு இந்த மாசம் போயாகணும். ஆணை தயாரா இருக்கு. பேரு மட்டும் எழுதல."

அவர் அதை மிரட்டலாகச் சொல்லவில்லை. ரயில் நேரம் சொல்வதுபோலச் சொன்னார். இனாஸ் தன்னுள் தைரியம் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. பயம் இருந்தது. தங்கையோடு பகிர்ந்திருக்கும் வீடு இருந்தது, அதன் வாடகை ஒப்பந்தம் இருந்தது. பதினொரு கையெழுத்துகள் வரிசையாக இருந்தன. ஒன்றன் தோளை ஒன்று பிடித்து அவளை இந்த விரற்கடை வெள்ளைவரை கூட்டி வந்திருந்தன. வக்திதான் எழுதினாரோ என்னவோ, அது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்பது மட்டும் அவளிடம் முழுதாக, யாரும் முத்திரை குத்தாததாக மிஞ்சியிருந்தது.

ஃபிக்ரி தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டாள். பாஷா மூச்சை விட்டார்.

அவள் பேனாவுக்கு மூடியைப் போட்டுத் தாளின் பக்கத்தில் வைத்தாள்.

"என்னாச்சு? எழுதலியா அது? வேற பேனா தர்றேன்."

"எழுதும், ஃபந்தம்."

"அப்புறம்?"

"நான் போடல."

அவள் குரல் அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. எழுந்து போவாள் என்று இருவரும் காத்திருந்தார்கள். அவள் எழுந்திருக்கவும் இல்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.